பல் எண்ணும் அட்டை

தபால்தலை சேகரிப்பவர் மேசையில் எல்லோர் கண்ணும் பூதக்கண்ணாடி மேல்தான் போகும். எனக்குப் பிடித்தது பக்கத்தில் கிடக்கும் பெர்ஃபரேஷன் கேஜ் என்ற சின்ன அட்டை. வரிசை வரிசையாகக் கரும்புள்ளிகள், ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண். தபால்தலையின் ஓரத்தை அதன்மேல் நகர்த்திக்கொண்டே போனால், ஏதோ ஒரு வரிசையில் எல்லாப் பள்ளங்களிலும் புள்ளிகள் கச்சிதமாக உட்காரும். ஆகா, என்ன நிம்மதி அது! அந்த வரிசை 14 என்றால், 2 சென்டிமீட்டருக்குள் 14 துளைகள் என்று அர்த்தம். 1866இல் பாரீஸ் மருத்துவர் லெக்ராண்ட் வகுத்த கணக்கு. இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

எதற்கு இத்தனை நுணுக்கம்? பிரிட்டனின் சிவப்பு ஒரு பென்னித் தலையைப் பாருங்கள். 1854இல் 16 அளவில் துளையிட்டார்கள். துளைகள் நெருக்கமானதால் தாள்கள் எளிதில் பிரிந்துபோயின. அடுத்த ஆண்டே 14க்கு மாறினார்கள். இரண்டிலும் அதே விக்டோரியா ராணிதான். பிரித்துச் சொல்வது இந்த அட்டை.

ஸ்டான்லி கிப்பன்ஸ் நிறுவனத்தின் ‘இன்ஸ்டான்டா’ இன்னும் அழகு. ஒளி ஊடுருவும் தகட்டில், புள்ளிகளுக்குப் பதிலாக விசிறிபோல் விரியும் கோடுகள். மெல்ல நகர்த்தினால் தசமம் வரை அளவு சொல்லும். உறையில் ஒட்டியிருக்கும் தலையைக்கூட உரிக்காமல் அளக்கலாம். முதலில் மேல் ஓரம், பிறகு பக்கவாட்டு: 15 x 14 என்று எழுதுவது வழக்கம். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்து ஒரு பக்கத்தோடு நிறுத்திவிடக் கூடாது.