பாத்தியில் இறங்காத வடிவமைப்பு

பொறியியல் கல்லூரிகளில் இப்போது மைனர் பட்டக் காலம். கணினி படிக்கும் பிள்ளை கூடவே பொருள் வடிவமைப்பும் உற்பத்தியும் படித்துவிட்டால், நினைத்ததைச் செய்துகாட்டும் ஆளாகிவிடும் என்று வாதாடுகிறார்கள். ஓரளவு உண்மைதான். துறைச் சுவரில் ஒரு வாசல் திறக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 விதிமுறைப்படி கூடுதலாக 18 கிரெடிட் எடுத்தால் மைனர் கிடைக்கும். பணிச்சூழலியல், மதிப்புப் பொறியியல், முப்பரிமாண அச்சு எல்லாம் பாடமாக உண்டு. நல்லது.

என் குறை பழையது. செய்த பொருளைக் கையில் பிடிக்கப்போகிறவர் இந்தப் படிப்பில் எங்குமே இல்லை.

மரக்காணம் உப்பளங்களையே பாருங்கள். புதுச்சேரி காலாப்பட்டிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. நீளக் கழியில் பலகை பூட்டிய வாருபலகையோடு, கண்கூசும் வெள்ளையில், வெறுங்காலில் நின்று தொழிலாளர்கள் உப்பு வாருகிறார்கள். காலில் புண். "ரப்பர் பூட்ஸ் தரலாம்" என்று அறிக்கை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் பாத்தியின் தரை, மிதித்து இறுக்கிய களிமண். கனத்த பூட்ஸ் அதைக் கிளறினால் மண் உப்போடு சேர்ந்து வரும்; உப்பு கறுத்தால் விலை விழும். பூட்ஸுக்குள் புகுந்த உப்புநீர் புண்ணை இன்னும் அரிக்கும். இதைத் திரையில் வரைந்த படம் சொல்லாது. உப்புநீரின் அடர்த்தி 25 பாகை போமேயைத் தொட்டால் உப்பு விளையும் என்பதைப் பாடநூல் சொல்லும். காலை எங்கே வைப்பது என்பதைச் சொல்லாது.

செய்ததைக் களத்தில் சோதிக்கலாமே என்றால், பருவம் விடாது. சனவரியில் பாத்தி தயாராகி, கோடையில் உப்பு விளைகிறது. அப்போது மாணவருக்குத் தேர்வு. நவம்பரில் மாதிரியை ஒப்படைக்கும்போது பாத்திகள் மழைநீருக்கு அடியில் கிடக்கின்றன. ஆகவே பேராசிரியர் மேசையிலேயே சோதனை முடிந்துவிடுகிறது.

ஜெய்ப்பூர் கால் என்ற செயற்கைக் கால் 1960களின் கடைசியில் இப்படியா உருவானது? பள்ளிப்படிப்பு அதிகமில்லாத கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் அறுவை மருத்துவர் பி.கே. சேத்தியும் சேர்ந்து செய்தது அது. செருப்பில்லாமல் நடக்கவும், குந்தி உட்காரவும், ஈர வயலில் இறங்கவும் வேண்டியவர்கள் எதிரிலேயே இருந்தார்கள்.

ஹேக்கத்தான் மேடையில் பரிசு வாங்கும் சோலார் உப்புவாரிகளை நான் நம்புவதில்லை. அவற்றுக்குக் கொடுக்கும் மைனரைப் படிப்பு என்பதைவிட விளம்பரம் என்பேன். மைனருக்கான ஆறு தாளில் இரண்டை எடுத்துவிட்டு ஒரு கோடை முழுக்க மாணவரைப் பாத்தியில் நிறுத்துங்கள் என்றால், கிரெடிட் கணக்கு இடிக்கும் என்பார்கள். இடிக்கட்டும். மதிப்பெண்ணில் பாதியை உப்பு வாருகிறவர்களே போடட்டும்.