மறுபடியும் மாணவரான வித்வான்

ஸ்ரீபெரும்புதூர் சித்திரை உற்சவம். உடையவர் ராமானுஜரின் புறப்பாட்டுக்கு இன்னும் கொஞ்ச நேரம். ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்த நாலைந்து பையன்கள் நாதஸ்வரக்காரர் பக்கத்தில் நின்றிருந்தார்கள். அவர் நாதஸ்வரத்தின் ஊதுமுனையான சீவாளியை உதட்டில் ஈரமாக்கி ஊதிப் பார்த்தார். சரிப்படவில்லை. கழற்றிவிட்டு, கொத்திலிருந்து வேறொன்றைப் பொருத்தினார். பாதிக் கச்சேரி அந்த அரை நிமிடத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சீவாளியை மாற்ற அரை நிமிடம் போதும்; பழகிய பாணியையே மாற்றுவது வேறு விஷயம். கிரிக்கெட்டில் முதுகு எலும்பு முறிந்தபின் பந்துவீச்சு ஆக்‌ஷனையே மாற்றிக்கொண்டு ஜெயித்தவர் டென்னிஸ் லில்லி. நாதஸ்வரத்தில் காயம் எதுவும் இல்லாமலே அதைச் செய்தவர் ஷேக் சின்ன மௌலானா. 1924-ல் ஆந்திரத்தின் கரவதியில், தலைமுறை தலைமுறையாக நாதஸ்வரம் வாசித்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர். ஒரு பாணியில் தேறிய பிறகு, நாதஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனதைப் பறிகொடுத்தார். அந்தத் தஞ்சாவூர் பாணியைக் கற்க நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்கள் முன்னால் போய் உட்கார்ந்தார்.

இது எவ்வளவு பெரிய துணிச்சல் என்பது வாத்தியத்தைப் பார்த்தால்தான் புரியும். வாசிக்க ஏழு துளைகள். சாவி, பொத்தான் ஒன்றும் கிடையாது. விரலைப் பாதி எடுத்து, உதட்டை இறுக்கித் தளர்த்தி, காற்றைக் கூட்டிக் குறைத்துத்தான் ஸ்வரங்களைப் பிரிக்க வேண்டும். வருஷக்கணக்கில் சாதகம் செய்த பாணி உதட்டுச் சதையிலும் மூச்சிலும் ஊறிக் கிடக்கும். அதை இளக்கி வேறு வார்ப்பில் ஊற்றினார் அவர்.

டிரம்பெட் உலகத்திலும் உதடுதான் எல்லாம். சிகாகோ சிம்பொனியின் முதல் டிரம்பெட் கலைஞர் அடால்ஃப் ஹெர்செத், 1952-ல் கார் விபத்தில் உதடு கிழிந்து பற்களை இழந்தார். மீண்டு வந்து 2001 வரை அதே நாற்காலியில் இருந்தார். அவரைத் திரும்பவும் ஆரம்பத்துக்குத் தள்ளியது விபத்து. மௌலானாவைத் தள்ளியது காதில் விழுந்த ஒரு வாசிப்பு மட்டுமே. அதனால்தான் என் கணக்கில் மௌலானா ஒரு படி மேல்.

பிறகு ஸ்ரீரங்கத்தில் குடியேறினார். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் நெடுங்காலம் உழைத்த அதே ஸ்ரீரங்கம். 1977-ல் பத்மஸ்ரீ, 1998-ல் சங்கீத கலாநிதி. ஆனால் அவருடைய பெரிய ஸ்கோர் 1982-ல் அங்கே தொடங்கிய சாரதா நாதஸ்வர சங்கீத ஆஸ்ரமம் என்பேன். தேடிப்போய்க் கற்றதை உட்கார்ந்து கற்றுக்கொடுத்தார். 1999-ல் அவர் மறைந்த பிறகும் பேரன்கள் காசிம், பாபு அந்த வாசிப்பைத் தொடர்ந்தார்கள்.

அன்று உற்சவத்தில் புறப்பாட்டு மல்லாரி முடிகிறவரை அந்தப் பையன்கள் நகரவில்லை. உங்கள் வீட்டுக் கல்யாணத்தில் கெட்டிமேளத்தோடு நிறுத்திவிடாதீர்கள். முகூர்த்தத்துக்கு முன்னால் ஒரு ராகத்தை முழுசாக வாசிக்க, மைக்செட் பாட்டை அணைத்துவிட்டு, அரை மணி நேரம் கொடுங்கள்.