ஆன்கி: சொல் தங்கும், அட்டையை நீங்களே எழுதினால்

வைரமும் கேடயமும் தந்து தட்டிக்கொடுக்கும் மொழிச் செயலிகளுக்குப் பழகியவர்களுக்கு ஆன்கியின் முகப்பு ஏமாற்றமாகவே இருக்கும். ஒரு பட்டியல், அதற்குள் ஒரு சொல், கீழே விடையைக் காட்டும் பொத்தான், அவ்வளவுதான். அரசு அலுவலகப் படிவத்தைப் போன்ற தோற்றம். ஆனாலும் ஆங்கிலச் சொற்களை மறக்காமல் வைத்துக்கொள்ள நான் பரிந்துரைக்கும் முதல் செயலி இதுதான்.

டேமியன் எல்ம்ஸ் 2006-ல் வெளியிட்ட நினைவட்டை மென்பொருள் இது. விண்டோஸ், மேக், லினக்ஸ் கணினிகளில் இலவசம். ஆண்ட்ராய்டில் தன்னார்வலர்கள் உருவாக்கிய ஆன்கிட்ராய்டும் இலவசம். விளம்பரத் தொல்லை கிடையாது. ஐபோனுக்கான ஆன்கிமொபைலுக்கு மட்டும் ஒருமுறைக் கட்டணம் உண்டு. அமெரிக்க விலை 24.99 டாலர். அதைத் தவிர்க்க விரும்புவோர் உலாவியில் ஆன்கிவெப்பைத் திறந்து இலவசமாகப் படிக்கலாம். இதே பெயரை ஒட்டிய வேறு செயலிகளும் கடைகளில் உள்ளன, பார்த்து இறக்குங்கள்.

படித்தது எப்படி மறந்துபோகிறது என்பதை ஜெர்மானிய உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885-லேயே அளந்து எழுதினார். மறக்கப்போகும் வேளையில் மீண்டும் நினைவுபடுத்தினால் நினைவு நீடிக்கும். அந்த வேளையைக் கணிப்பதுதான் ஆன்கியின் வேலை. நெடுங்காலம் அது போலந்து ஆய்வாளர் வோஸ்னியாக்கின் எஸ்எம்-2 என்ற கணிப்பு முறையை ஒட்டி இயங்கியது. 2023-ல் வந்த 23.10 பதிப்பில் எஃப்எஸ்ஆர்எஸ் என்ற புதிய கணிப்பு முறை சேர்ந்தது. இது உங்கள் பழைய விடைகளைப் பார்த்து உங்களுக்கேற்ற இடைவெளியைக் கணக்கிடும். அமைப்புகளில் அது இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நினைவு இலக்கு 90% என்றிருப்பதை அப்படியே விடுங்கள். ஆசைப்பட்டு 97% ஆக்கினால் தினசரி வேலை பல மடங்கு ஏறும்.

இனி முக்கியமான விஷயம். இணையத்தில் கிடைக்கும் ஆயத்த அட்டைக்கட்டுகளில் பெரும்பாலும் முன்பக்கம் ஒரு சொல், பின்பக்கம் ஒரு பொருள். 'ரிலக்டன்ட்' என்றால் தயக்கம் என்று நொடியில் சொல்லிவிடுவீர்கள். மின்னஞ்சல் எழுதும்போது அதன்பின் 'டு' வருமா, 'ஃபார்' வருமா என்று விரல் நிற்கும். ஒரு சொல்லை அறிவதென்றால் அதன் வடிவம், பொருள், பயன்பாடு மூன்றையும் அறிவது என்கிறார் சொல்வளக் கல்வி ஆய்வாளர் பால் நேஷன். ஆயத்தக் கட்டு இரண்டாவதோடு நின்றுவிடுகிறது.

இதற்கான கருவிகள் ஆன்கிக்குள்ளேயே உள்ளன. ஒரு சொல்லுக்கு மூன்று அட்டை போடுங்கள். முதல் அட்டை குளோஸ் வகை: 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு லீவ்' என்ற வாக்கியத்தில் 'டு'வை மறைத்துவிடுங்கள். இரண்டாவது, விடையைத் தட்டச்சு செய்யும் வகை: தமிழில் ஒரு சூழலைக் கொடுத்து ஆங்கிலச் சொல்லை எழுதச் சொல்லும், எழுத்துப்பிழையை நிறம் காட்டிவிடும். மூன்றாவதில் ஒலி மட்டும். அட்டை வார்ப்புருவில் ஒரு வரி சேர்த்தால் சாதனத்தின் குரலே சொல்லைப் படித்துக்காட்டும். கேட்டுப் பொருள் சொல்ல வேண்டும். வாக்கியத்தை நீங்கள் படித்த செய்தியிலிருந்தோ கதையிலிருந்தோ எடுத்தால் சொல் இன்னும் நன்றாகப் பதியும்.

குறைகளும் உண்டு. தொடக்க அமைப்புகள் புதியவரை மிரட்டும். நாளுக்கு 20 புதிய அட்டை என்பது இயல்பு அளவு. அதற்கு மறுபார்வை வரம்பு குறைந்தது 200 இருக்க வேண்டும் என்று செயலியே எச்சரிக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது, 6 போதும். ஒரு வாரம் விட்டால் நிலுவை மலைபோல் சேரும். விடையைப் பார்த்தபின் அழுத்தும் பொத்தான்களிலும் ஒரு பொறி இருக்கிறது: மறந்துபோன சொல்லுக்குப் பலர் 'ஹார்ட்' அழுத்துகிறார்கள். அது 'சிரமப்பட்டேன், ஆனால் சொல்லிவிட்டேன்' என்று பதிவாகி இடைவெளிக் கணக்கையே குலைக்கும். மறந்திருந்தால் 'எகெய்ன்' மட்டுமே. உச்சரிப்பைத் திருத்தவும் நீங்கள் எழுதிய வாக்கியம் சரியா என்று சொல்லவும் ஆன்கியால் முடியாது. அதற்கு ஒரு ஆசிரியரோ நல்ல அகராதியோ வேண்டும்.

யாருக்கு ஏற்றது? ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு எழுதுவோருக்குத் தயங்காமல் சொல்வேன். அவெரில் காக்ஸ்ஹெட் 2000-ல் வெளியிட்ட கல்விசார் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. அட்டை எழுதத் தொடங்க நல்ல இடம். அடிப்படை வாக்கியமே இன்னும் கைவராதவர்கள் முதலில் எளிய கதைகளைப் படிக்கட்டும். அட்டை எழுத நேரமில்லை, ஆயத்தக் கட்டு போதும் என்பவர்களுக்குத் தேர்வறைவரை சொற்கள் நினைவிருக்கும். பேச்சிலும் எழுத்திலும் அவை வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.