மீட்கப்பட்ட திரைப்படமும் மறைக்கப்பட்ட உழைப்பும்

பழைய இசைத் திரைப்படமொன்று செப்பனிடப்பட்டு வீட்டுத்திரைக்கு வரும்போது, நிறத்தின் பொலிவையும் ஒலியின் துல்லியத்தையும் கொண்டே அதன் தரம் பெரும்பாலும் அளக்கப்படுகின்றது. இவ்வளவுகோல்கள் அவசியமானவை; ஆயின் போதுமானவை அல்ல. ஒரு படைப்பு யாருடைய நலன்கருதிச் சிதைக்கப்பட்டது என்ற வினாவை ஒதுக்கிவிட்டு அதன் மீட்பை மதிப்பிட இயலாது. ஜோர்ஜ் கியூக்கர் நெறிப்படுத்திய ‘ஏ ஸ்டார் இஸ் போர்ன்’ (1954) இதற்குத் தக்க சான்றாகும்.

181 நிமிடங்கள் கொண்டதாக வெளியிடப்பட்ட இப்படத்தை, சில வாரங்களுக்குள்ளேயே வோர்னர் நிறுவனம் 154 நிமிடங்களாகக் குறைத்தது. நாளொன்றுக்குக் கூடுதலான காட்சிகளை நடத்த வேண்டுமென்ற அரங்க உரிமையாளரின் வணிகத் தேவையே இதன் காரணம். கலைப்படைப்பைப் பண்டமாக்கும் முதலாளித்துவ உற்பத்திமுறை, இங்கே கத்தரிக்கோலின் வடிவிலேயே வெளிப்பட்டது எனலாம்.

வெட்டப்பட்டவை எவை என்பது மேலும் மனங்கொள்ளத்தக்கது. ஜூடி கார்லண்ட் ஏற்ற எஸ்தர் என்னும் பாடகி, நட்சத்திரமாகுமுன் காரில் வருவோருக்கு உணவு பரிமாறிப் பிழைக்கும் பகுதி நீக்கப்பட்டது. இதனால் அவளது உயர்வு உழைப்பினதும் வறுமையினதும் வரலாற்றிலிருந்து பிரிந்து, வெறும் அதிர்ஷ்டமாகத் தோன்றலாயிற்று. இவ்வாறே, கவலையை மறந்து சிரிக்கச்சொல்லும் பாடலொன்றும் அகற்றப்பட்டது. அப்பாடலின் படப்பிடிப்பிற்கிடையில் ஒப்பனை அறையில் கணவனை எண்ணிக் கதறும் எஸ்தர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டு மீண்டும் சென்று சிரித்தாடுகின்றாள். பாடல் நீங்கியதும் எஞ்சியது அழுகை மட்டுமே. துயரத்தின் நடுவிலும் மகிழ்ச்சியை உற்பத்தி செய்தேயாக வேண்டிய கலைத்தொழிலாளியின் முரண்நிலை மறைந்துபோயிற்று.

1983 இல் றொனால்ட் ஹேவர் மேற்கொண்ட மீட்புப் பணி படத்தை 176 நிமிடங்களுக்கு மீளக் கொணர்ந்தது. ஒலித்தடம் கிடைத்தும் படச்சுருள் கிடைக்காத இடங்களில், படப்பிடிப்பின்போது எடுக்கப்பட்ட நிழற்படங்களை அவர் பயன்படுத்தினார். உரையாடல் தொடர்கின்றது, உருவங்களோ அசைவற்று நிற்கின்றன. இது இரசனையின் ஓட்டத்தைத் தடைசெய்கின்றதென்று குறைகூறுவோர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. நடிப்பின் அசைவை நிழற்படம் ஈடுசெய்யாது. எனினும் அத்தடையே இம்மீட்பின் நேர்மை என்பது நமது கருத்து. இழப்பை இழப்பாகவே காட்டுவதன் மூலம், அது நேர்ந்த வரலாற்றையும் பார்வையாளன் முன் அது நிறுத்துகின்றது.

வீட்டுத்திரைப் பதிப்பையும் இந்நோக்கிலேயே அணுகுதல் வேண்டும். சினிமாஸ்கோப்பின் 2.55:1 என்ற அகன்ற சட்டகத்தைப் பழைய தொலைக்காட்சித் திரையை நிரப்புமாறு வெட்டினால், காட்சியின் ஏறக்குறைய அரைப்பங்கு இழக்கப்படும். இதுவும் இன்னொரு கத்தரிக்கோலே. 2010 இல் வெளிவந்த புளூ-ரே பதிப்பு அகன்ற சட்டகத்தைப் பேணியதோடு, நிழற்படப் பகுதிகளையும் மறைக்காது தந்தது. படச்சுருளுக்கு இயல்பான நுண்மணிகளைக் குறையெனக் கருதி முற்றாகத் துடைத்தழித்தால் மனித முகம் மெழுகு முகமாகிவிடும். அத்தகைய ‘தூய்மை’ புதிய பண்டத்தின் மினுமினுப்பேயன்றி மீட்பு ஆகாது.

அன்று படத்தை வெட்டிய நிறுவனத்தின் பெயரிலேயே அதன் மீட்பும் பின்னர் விற்பனைக்கு வந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. சந்தை தான் சிதைத்ததையே மீண்டும் விற்கவல்லது. ஆதலின், படம் எவ்வளவு ஒளிர்கின்றது என்று கேட்பதோடு நாம் அமைதல் தகாது. மறைக்கப்பட்ட உழைப்பு மீண்டும் கண்ணுக்குப் புலனாகின்றதா என்றும் கேட்டல் வேண்டும். உணவுத் தட்டுடன் அசையாது நிற்கும் எஸ்தரின் நிழற்படம் அவ்வினாவிற்கு விடையளிக்கின்றது.