சாந்தி நிலையத்தில் வேலைக்கு வந்தவள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தேக்கா பக்கம் போனால் பணிப்பெண்கள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பங்கு போட்டுக்கொண்டு ஃபோனில் ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். இருட்டினதும் ஒவ்வொருத்தராகக் கிளம்புவார்கள். போவது வீட்டுக்குத்தான், ஆனால் அவர்களுடைய வீட்டுக்கு இல்லை. 'சாந்தி நிலையம்' படத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தபோது எனக்கு இவர்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

1969இல் ஜி.எஸ். மணி இயக்கி, ஜெமினி கணேசனும் காஞ்சனாவும் நடித்த படம். கதைக்கு ஆதாரம் சார்லட் பிராண்டியின் 'ஜேன் அயர்' (1847). பெரிய வீட்டுக்குப் பாடம் சொல்லித்தர வரும் அனாதைப் பெண், முதலாளி மேல் காதல், மறைத்து வைக்கப்பட்ட மனைவி. கூடவே 1965இல் வந்த 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' படத்தின் குறும்புப் பிள்ளைகளும் பாட்டும் சேர்ந்துகொண்டன.

கெட்டிக்காரத்தனமான கலவைதான். எம்.எஸ்.வி.யின் இசை இன்னும் பழசாகவில்லை. ஒளிப்பதிவுக்காக மார்க்கஸ் பார்ட்லி தேசிய விருது வாங்கினார். எனக்கும் படம் பிடிக்கும். ஆனால் இந்தக் கலவையில் ஒரு விஷயம் சத்தமில்லாமல் காணாமல் போய்விட்டது. அது சம்பளம்.

நாவலைப் புரட்டிப் பாருங்கள், ஜேன் எப்போதும் கணக்குப் பார்த்துக்கொண்டே இருப்பாள். வருஷத்துக்கு 30 பவுண்ட், பழைய பள்ளிக்கூடத்தில் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு. ராச்செஸ்டரோடு கல்யாணம் நிச்சயமான பிறகும், பட்டுத்துணியும் நகையும் வேண்டாம், தொடர்ந்து பாடம் சொல்லித்தந்து என் சாப்பாட்டையும் அந்த 30 பவுண்டையும் நானே சம்பாதித்துக்கொள்கிறேன் என்கிறாள். அவளுக்கு அது வெறும் பணமில்லை. கூலி வாங்குகிறவரைக்கும்தான் அவள் அந்த வீட்டில் யாருக்கும் கடன்படாதவள்.

சினிமாவில் காஞ்சனா பிள்ளைகளை ஜெயிக்கிறார், பிறகு வீட்டையே ஜெயிக்கிறார். டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாக அம்மா ஆகிறார். அம்மாவுக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்? பாசம் வந்ததும் கூலி என்ற பேச்சே அசிங்கமாகிவிடுகிறது. "அவ எங்க வீட்டுப் பொண்ணு மாதிரி" என்று இங்கேயும் நாம் சொல்கிறோமே, அதே கதைதான்.

மனநிலை குலைந்த மனைவிக்கும் இதே கதிதான். அவரை வைத்துப் படம் நம்மைப் பயமுறுத்துகிறது, அவர் பக்கத்துக் கதையைக் கேட்பதில்லை. இதற்கு மூன்று வருஷம் முன்னால், 1966இல், ஜீன் ரீஸ் 'வைட் சர்காஸோ சீ' நாவலில் அந்த மனைவியைப் பேச வைத்துவிட்டார். பிராண்டியே அவளுக்குக் கொடுக்காத பேச்சு அது. ஆக, சாந்தி நிலையத்தில் இரண்டு பெண்கள். ஒருத்திக்குக் குரல் இல்லை, இன்னொருத்திக்குச் சம்பளம் இல்லை.

சிங்கப்பூரில் இருந்து பார்க்கும்போது இது பழைய படத்தைப் பற்றிய குறையாக மட்டும் தெரியவில்லை. இங்கே இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் முதலாளி வீட்டிலேயே தங்கி வேலை செய்கிறார்கள். வாரம் ஒரு நாள் ஓய்வு சட்டமானது 2013இல்தான். அதையும் காசு கொடுத்து ஈடுகட்டலாம். மாதம் ஒரு நாளையாவது அப்படி வாங்க முடியாது என்ற விதி 2023இல் வந்தது. வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூரரையோ நிரந்தரவாசியையோ மணக்க மனிதவள அமைச்சின் அனுமதி வேண்டும். ஜேன் இங்கே வந்திருந்தால், முதலாளிக்கு முன்னால் அமைச்சு அவளிடம் பேசியிருக்கும்.

நாவலின் முடிவில் ஜேன் திரும்பி வருவது வேலைக்கு இல்லை. 20,000 பவுண்ட் சொத்து வருகிறது, மூன்று உறவினர்களோடு சமமாகப் பங்கு போட்டு 5,000 வைத்துக்கொள்கிறாள். அந்தத் தெம்பில்தான் கதவைத் தட்டுகிறாள். அந்தக் காதலை நான் நம்புவதற்குக் காரணம் அந்த 5,000 பவுண்ட்.

இந்த நாவலை யாராவது மறுபடி தமிழில் எடுத்தால், மலைமேல் பங்களா தேட வேண்டாம். வீவக வீட்டில் பாம் ஷெல்டர் இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறை, கனமான இரும்புக் கதவு. எத்தனையோ வீடுகளில் பணிப்பெண்ணின் பாய் அங்கேதான். கேமராவை முதலில் அங்கே வையுங்கள்.