எதிர்கால ஊர்தியின் நிறம்: விண்வெளிப் போக்குவரத்து விளையாட்டுகளின் ஊர்திச் சித்திரங்கள் பற்றிய ஒரு நோக்கு

கலை இலக்கிய விமர்சனம் எனும்போது கவிதை, நாவல், நாடகம் ஆகியவற்றோடு அண்மைக் காலமாகத் திரைப்படமும் நமது கவனத்தைப் பெற்று வருகிறது. கணினி விளையாட்டின் சித்திரங்கள் இன்னும் அத்தகைய கவனத்தைப் பெறவில்லை. ஆயினும் இளந்தலைமுறையினர் பலர் எதிர்கால உலகின் தோற்றத்தை முதன்முதலிற் காண்பது அச்சித்திரங்களிலேயே. எதிர்காலத்தை வரைகின்றவன் நிகழ்காலத்தின் உறவுகளை எவ்வாறு விளங்கிக்கொண்டுள்ளான் என்பதற்கு அவன் வரையும் ஊர்தி ஒரு சான்றாகும். இவ்வகையில், விண்வெளிக்கும் வேற்றுக் கோளுக்கும் கொண்டுசெல்லப்பட்ட போக்குவரத்து விளையாட்டுகளின் ஊர்திச் சித்திரங்களை நோக்குவது பயனுடையது.

இத்துறையின் மூலநூல் எனத்தக்கது 1994 இல் மைக்ரோபுரோஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' ஆகும். கிறிஸ் சோயர் இதனை ஆக்கினார். சித்திரங்களைத் தீட்டியவர் சைமன் பொஸ்டர். இருப்புப்பாதை, வீதி, கடல், வான் ஆகிய வழிகளில் பயணிகளையும் பண்டங்களையும் ஏற்றி இறக்கி இலாபமீட்டுவதே ஆட்டம். 1995 இல் வெளிவந்த அதன் துணைத்தொகுதி, செவ்வாய்க் கோளில் மனிதர் குடியேறுவதைக் கருவாகக் கொண்ட வேறொரு சித்திரத் தொகுதியையும் தந்தது. நிலமும் கட்டடமும் ஊர்தியும் புதுத் தோற்றம் பெற்றன. ஆட்டத்தின் அடிப்படை விதிகள் பழையனவாகவே இருந்தன. இம்முரண்பாடே இக்கட்டுரையின் தொடக்கப் புள்ளி.

முதலில், இச்சித்திரக்காரரின் திறனை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஊர்திக்குக் கிடைப்பது ஏறத்தாழ 30 படப்புள்ளி நீளம். முழு ஆட்டத்துக்கும் உள்ள வண்ணங்கள் 256. சாய்கோணத்திலிருந்து பார்க்கும் அந்நிலப்பரப்பில் ஒரே வண்டியை எட்டுத் திசைக்கும் தனித்தனியே தீட்டவேண்டும். இக்குறுகிய இடத்தினுள் நீராவி எந்திரத்தையும் டீசல் எந்திரத்தையும் மின்னெந்திரத்தையும் ஒரே பார்வையில் வேறுபடுத்திக் காட்டுவது எளிதன்று. நிலக்கரிப் பெட்டி வெறுமையாக இருப்பதும் நிரம்பியிருப்பதும் சில கரும்புள்ளிகளாலேயே உணர்த்தப்படுகின்றன. தேவையற்றதை நீக்கித் தேவையானதை மாத்திரம் நிறுத்தும் இச்சிக்கனம் உயர்ந்த கலைப்பண்பே.

எனினும், எது தேவையானது என்பதை முடிவுசெய்வது கண் மாத்திரமன்று. 256 வண்ணங்களுள் எட்டுச் சாயல்கள் நிறுவனத்தின் நிறத்துக்கென ஒதுக்கப்பட்டுள்ளன. ஊர்தியின் உடலில் அவை பூசப்பட்ட இடம் உரிமையாளரின் நிறத்தை ஏற்கும். ஒரு நிறுவனத்தை மற்றொன்று விலைக்கு வாங்கினால் வண்டிகள் அனைத்தும் வாங்கியவரின் நிறத்துக்கு மாறிவிடும். உடைமை, இங்கே நிறமாகவே காட்சியளிக்கின்றது. சாரதியோ காணப்படுவதில்லை. நிலையத்தின் விபரச் சாளரத்திற் பயணி ஒரு சிறு குறியாக வருகிறார். நிலக்காட்சியில் அவர் நடமாடுவதில்லை. ஆண்டுக் கணக்கேட்டில் ஊர்தி வாங்கிய செலவும் ஓட்டச் செலவும் கடன் வட்டியும் தனித்தனித் தலைப்புகளில் உள்ளன. கூலி என்றொரு தலைப்பு இல்லை. நமது நாட்டின் லொறிகளிலும் முச்சக்கர வண்டிகளிலும் ஓட்டுநர் தமது தெய்வத்தையும் பிள்ளையின் பெயரையும் ஒரு கேலி வாசகத்தையும் எழுதிவைப்பதை நாம் அறிவோம். வண்டி கடனுக்கு வாங்கியதாயினும், அதனுடன் வாழ்பவரின் சுவடு அதில் உண்டு. விளையாட்டின் வண்டியில் அத்தகைய சுவடுக்கு இடமில்லை.

எதிர்காலத்தை இச்சித்திரங்கள் எவ்வாறு கற்பனை செய்கின்றன? 1995 இல் வந்த விரிந்த பதிப்பில் இருபத்தோராம் நூற்றாண்டுக்கெனக் காந்த மிதவைத் தொடர்வண்டிகள் சேர்க்கப்பட்டன. லெவியாதன், சைக்ளொப்ஸ், பெகசஸ், கிமைரா என அவற்றுக்குப் பெயர்கள். முதலாவது எபிரேய மறையினின்றும் ஏனைய மூன்றும் கிரேக்கப் புராணங்களினின்றும் எடுக்கப்பட்டவை. வழவழப்பான மூக்கு, சில்லில்லாத அடிப்பாகம், பளபளப்பு ஆகியவையே எதிர்காலத்தின் அடையாளங்கள். ஆனால் அவ்வெந்திரத்தின் பின்னே நிலக்கரிப் பெட்டிகளையும் பூட்டலாம். வெப்பவலய நிலத்திலாயின் றப்பர்த் தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்கு றப்பர் ஏற்றலாம். தண்டவாளத்தைத் தொடாமல் மிதக்கும் வண்டி தோட்டத்துப் பண்டத்தைச் சுமந்து செல்கின்றது. வடிவம் முன்னேறியுள்ளது, பண்டம் செல்லும் திசை மாறவில்லை.

மலையகத்தின் வரலாற்றை அறிந்தோர்க்கு இத்திசை புதிதன்று. கொழும்பிலிருந்து புறப்பட்ட இருப்புப்பாதை 1864 இல் அம்பேபுஸ்ஸையையும் 1867 இல் கண்டியையும் அடைந்தது. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதே அதன் தலையாய நோக்கம். கடுகண்ணாவைச் சரிவில் 45 அடிக்கு ஓரடி வீதம் ஏறும் அப்பாதை அக்காலத்துக்கு ஓர் எதிர்காலக் காட்சியாகவே இருந்திருக்கும். அதே காலத்தில், அக்கோப்பியைப் பறிக்க வந்த தமிழ்த் தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை நோக்கி வடபாதையிற் கால்நடையாக நடந்தனர். காட்டிலும் கொள்ளைநோயிலும் பலர் மாண்டனர். பண்டத்துக்கு ஊர்தியும் மனிதருக்குக் கால்நடையுமாக அமைந்த ஒரு போக்குவரத்து ஒழுங்கு அது. பண்டத்தை மையமாகவும் மனிதரை எண்ணிக்கையாகவும் கொள்ளும் விளையாட்டு, தான் அறிந்தோ அறியாமலோ, அவ்வொழுங்கையே செவ்வாய்க்கும் ஏற்றுமதி செய்கின்றது.

சரிவு பற்றிய இன்னொரு செய்தியும் மனங்கொள்ளத்தக்கது. கண்டியிலிருந்து தெல்தெனியா ஊடாக மஹியங்கனைக்குச் செல்லும் வீதியில், நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டி அமைந்துள்ளது ஹுன்னஸ்கிரிய. அங்கிருந்து லூல்வத்தை வழியாக மீமுரே கிராமத்துக்குப் பிரியும் பாதையில், ஒரு வண்டி ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை அதன் உடலே சொல்லிவிடும்: மூக்கு உயரும், பின்பாகம் தாழும், மூட்டைகள் சரியும். மலையூர்களின் போக்குவரத்துக்கு ஏற்றமே முதற் பிரச்சினை. மேற்குறித்த விளையாட்டில் ஊர்தி மேடேறும்போது வேகம் குறைகின்றது. சித்திரமோ சமதரையில் ஓடிய அதே சித்திரந்தான். உழைப்பு கணக்கில் உண்டு, காட்சியில் இல்லை. நினைவகம் அருமையாயிருந்த காலத்தில் எட்டுத் திசைக்கு மேலும் படங்கள் தீட்டுவது கடினம் என்பது நேர்மையான விளக்கமே. எனினும், நினைவகம் மலிந்துவிட்ட காலத்திலும் எதிர்கால ஊர்தியின் சித்திரக்காரர் பலர் ஒளிக்கோடுகளைச் சேர்ப்பதிற் காட்டும் ஆர்வத்தை ஏற்றத்தின் பாரத்தைக் காட்டுவதிற் செலுத்துவதில்லை.

விண்வெளிப் போக்குவரத்துக் கற்பனையில் இலங்கைக்குத் தனியிடமொன்று உண்டு. 1956 முதல் இங்கு வாழ்ந்து 2008 இல் மறைந்த ஆர்தர் சி. கிளார்க், 1979 இல் வெளியிட்ட 'சொர்க்கத்தின் ஊற்றுகள்' என்னும் நாவலில், சிவனொளிபாதமலையை ஒத்த மலையுச்சியிலிருந்து விண்வெளிக்கு நீளும் வடத்தில் ஏறியிறங்கும் ஊர்தியைக் கற்பித்தார். அம்மலையில் வாழும் துறவியரின் எதிர்ப்பை அவர் மறைக்கவில்லை. ஊர்தி ஒருவரது இடத்தின்மீது எழுகின்றது என்ற உண்மை அந்நாவலில் உண்டு. மலையகத்துக்கு வடம் வேறொரு வகையில் முன்னமே அறிமுகமானது. தோட்டங்கள் சிலவற்றிற் கொழுந்து மூட்டைகள் கம்பிவழியே தொழிற்சாலைக்கு இறங்கின; கொழுந்து பறித்தவர் நடந்தே இறங்கினார். விண்வடத்தைத் தீட்ட விழையும் ஈழத்துக் கலைஞர் ஒருவர் இக்கம்பியை மறந்து தீட்டுவாராயின், அவரது வடம் எங்கும் தொங்கக்கூடிய வடமாகவே இருக்கும்.

இவ்விடத்து ஒரு தவறான வழியையும் சுட்டவேண்டும். கிரேக்கப் பெயர்களுக்குப் பதிலாக நமது புராணப் பெயர்களைச் சூட்டிவிட்டால் ஊர்தி நமதாகிவிடும் என்பது சிலரது எண்ணம். ஜப்பானின் கியூஷூ தொழில்நுட்பக் கழகத்தில் உருவாகி 2019 இல் விண்ணுக்குச் சென்ற இலங்கையின் சிறு செய்மதிக்கு இராவணன் பெயரே இடப்பட்டது. பெயரிடுதலிற் குற்றமில்லை, புட்பக விமானத்தைப் பழங்கால விஞ்ஞானம் என நம்புவதே குற்றம். அப்புராணக் கதையிலும் புட்பகம் இராவணன் செய்ததன்று, குபேரனிடமிருந்து கவர்ந்தது. உரிமையாளன் மாற நிறம் மாறும் விளையாட்டு வண்டியின் உறவினன் அது!

மரபிலிருந்து பெறத்தக்கது வேறு. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் வரும் மயிற்பொறியைச் செய்தவன் ஒரு கம்மியன். அதனை இயக்கப் பழகியவள் அரசி விசயை. கருவுற்ற அவளைச் சுமந்து, கட்டியங்காரனின் சூழ்ச்சியினின்றும் தப்பிய அப்பொறி இறங்கிய இடம் சுடுகாடு. செய்தவரும் செலுத்தியவரும் சுமந்த பாரமும் இறங்கிய நிலமும் அங்கே ஒருங்கே தெரிகின்றன. புறநானூற்றில், பாகன் செலுத்தாத வானவூர்தி பற்றிய குறிப்பொன்று உண்டு. அது புலவராற் பாடப்பெறும் அளவுக்குத் தம் வினையை முடித்தோர் அடையும் பேறாகக் கூறப்படுகிறது. ஆளில்லா ஊர்தியையும் நம்முன்னோர் ஒரு மனிதப் பெறுமானத்தோடு இணைத்தே எண்ணினர்.

முப்பது படப்புள்ளிக்குள் இத்தனையும் அடங்குமா என்று கேட்கலாம். நிலக்கரியின் நிறைவை நான்கு புள்ளிகள் உணர்த்துமாயின், சாளரத்தில் ஒரு முகத்தையும் கூரையில் ஒரு மூட்டையையும் உணர்த்த அதைவிட மிகுதியாக வேண்டியதில்லை. குறை இடத்தில் இல்லை, தெரிவில் உள்ளது. அத்தெரிவு இன்று நமது கைக்கும் எட்டியுள்ளது. 2004 இல் தொடங்கிய 'ஓப்பின் ரிரிடி' என்னும் திறந்த மென்பொருள் அவ்விளையாட்டைப் பொதுவுடைமையாக்கியது. தன்னார்வலர் பலர் கூடித் தீட்டிய கட்டற்ற சித்திரத் தொகுதி பழைய சித்திரங்களின் இடத்தை நிரப்ப, 2010 இல் அதன் முதலாம் முழுப் பதிப்பு வெளிவந்தது. எவரும் தமது ஊர்திகளைத் தீட்டி அதிற் சேர்க்கலாம். கூட்டுழைப்பினால் உருவான அக்களத்திற் கூட ஊர்திகள் நிறுவனத்தின் நிறத்தையே தாங்கி ஓடுவது சிந்திக்கத்தக்கது.

எதிர்கால ஊர்தியை மதிப்பிட மூன்று வினாக்கள் போதும்: யார் செலுத்துகிறார், யாருடைய பாரம் ஏறுகிறது, எந்த நிலத்தின்மீது அது ஏறுகிறது? இவற்றுக்கு விடைதரும் சித்திரம் செவ்வாயில் ஓடினும் நம்முடையது. விடைதராத சித்திரம் எத்துணைப் பளபளப்புடையதாயினும், 1867 இன் கோப்பி வண்டிக்குப் பூசிய புது வர்ணமேயாகும்.