பிரிவினை கேட்ட பண்ணையார்

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் வழியெல்லாம் கரிசல். வானம் பொழிந்தால் பருத்தி, பொய்த்தால் பஞ்சம். அந்த மண்ணைக் கிளறும் உழவர் எவரும் எட்மண்ட் ரஃபின் என்ற பெயரைக் கேட்டிருக்க மாட்டார். ஆயினும், 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு, அந்நாட்டுப் பருத்தி இங்கிலாந்து ஆலைகளுக்குச் செல்வது தடைப்பட்டபோது, நம் தென்பாண்டிப் பருத்திக்கு விலை ஏறிற்று. 1865இல் போர் முடிந்ததும் சரிந்தது. அந்தப் போருக்குத் தூபமிட்டவர்களுள் ஒருவர் இந்த ரஃபின்.

1794இல் வர்ஜீனியாவில் பிறந்த பண்ணையார். அறிவிலி அல்லர், நம்மை உறுத்துவதும் அதுதான்! புகையிலை விளைந்து சாரமிழந்த நிலத்தில், கிளிஞ்சல் கலந்த சுண்ணமண்ணை இட்டால் புளிப்பு நீங்கும், விளைச்சல் பெருகும் என்று ஆய்ந்து கண்டார். 1832இல் நூலாக வெளியிட்டார். உழவர்க்கென ஏடும் நடத்தினார். யாகம் வளர்க்கச் சொல்லவில்லை, மண்ணைச் சோதித்தார். பகுத்தறிவன்றோ என்பீர். ஆம், மண்ணளவில்! அந்தச் சுண்ணமண்ணைத் தோண்டிச் சுமந்தவர் யார்? அவருடைய உடைமையாகக் கணக்கில் எழுதப்பட்டிருந்த கறுப்பின மக்கள்.

அடிமைமுறைக்குப் பொருளாதார நியாயம் கூறவும் அவர் நூல் எழுதினார். இங்கிலாந்துத் தொழிலாளி பசிக்கு அடிமை. அவனைவிடப் பண்ணை அடிமை மேல் என்பது அவர் வாதம். பசியும் ஒரு விலங்கே, ஒப்புகிறோம். ஒருவன் காலில் விலங்கிருப்பதைக் காட்டி மற்றவன் கழுத்தில் பூட்டுவது எவ்வூர் நியாயம்? அத்துணை இன்பமான நிலை என்றால், தம் பிள்ளைகளுள் ஒருவரையேனும் அதில் அமர்த்தினாரா? ஆனால் நம் மறுப்பு இரண்டாந்தரமானது. 1862இல் வடபுலப் படை நெருங்கியதும், அவர் குடும்பப் பண்ணைகளிலிருந்த அடிமைகள் பலர் தப்பி நடந்தனர். எழுத்தறிவு மறுக்கப்பட்டோர் கால்களால் எழுதிய மதிப்புரை அது. அதைவிடக் கூரிய மதிப்புரை அந்நூலுக்கு வேண்டியதில்லை.

அடிமைகளை விடுவிக்க ஆயுதம் ஏந்திய ஜான் பிரவுனை 1859இல் தூக்கிலிட்டபோது, மாணவப் படையினரோடு நின்று பார்த்து மகிழ்ந்தவர் இவர். தென் மாநிலங்கள் பிரிந்து வெல்வதாக 1860இல் கற்பனைக் கதை புனைந்தார். வர்ஜீனியா பிரியத் தயங்கியபோது தென் கரோலினாவுக்குச் சென்று, 1861 ஏப்ரலில், 67ஆம் வயதில், சம்டர் கோட்டை மீது பீரங்கி வெடித்தார். தோற்றபின், 1865 ஜூனில், வடவர் ஆட்சியில் வாழ மனமின்றித் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார். கொள்கை வீரர் என்று போற்றுவாரும் உளர். எந்தக் கொள்கைக்கு வீரர்?

பிரிவினை என்ற சொல் நமக்குப் புதிதன்று. திராவிட நாடு கேட்டது நம் இயக்கம், 1963இல் தி.மு.கழகம் அக்கோரிக்கையைக் கைவிட்டது. பிரிவினை கேட்டோர் அனைவரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைகள் என்று ஏளனம் செய்தனர் மாற்றார். ரஃபின் கேட்டது விலங்கைக் காக்க, நாம் கேட்டது விலங்கை ஒடிக்க என்றோம். சரியான விடைதான். அவ்வளவோடு எழுந்துவிட முடியவில்லையே!

அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அடங்கியிருந்த அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில், 1930இல், ஆதிக்கச் சாதியார் ஆதித்திராவிடர்க்கு எட்டுத் தடைகள் விதித்தனர். முழங்காலுக்குக் கீழே ஆடை கூடாது, சட்டை கூடாது, குடையும் செருப்பும் கூடாது, பெண்கள் மேலாடை அணியக் கூடாது! 1931இல் தடைகள் பதினொன்றாயின: பிள்ளைகள் படிக்கலாகாது, நிலம் வைத்திருக்கலாகாது, மிராசுதாரர்க்கு அடிமைகளாய் உழைக்க வேண்டும். அடிமை உரிமையைச் சட்டம் ஏற்காது என்று 1843இலேயே விதி வந்த நாட்டில், 88 ஆண்டு கழித்து! விதித்தவர் வடவர் அல்லர், வெள்ளையர் அல்லர்; நம் மொழி பேசிய நம்மவர்.

திராவிட நாடு கிடைத்திருந்தால், அந்தப் பட்டியலைக் கரிசற் சிற்றூர்களில் கிழித்தெறிந்திருப்பவர் யார்? வடவரைக் கேட்ட கேள்விகள் பல. இந்தக் கேள்வியை நாம் நம்மைப் பார்த்து, அதே உரத்த குரலில், அத்தனை மேடைகளில் கேட்டதில்லை.